வலைப்பக்க உறுப்பின் புலப்பாட்டை அறிதல்

வலைப்பக்க உறுப்பின் புலப்பாட்டை அறிதல் என்பது, ஒரு வலைப்பக்கத்தில் உள்ள படம், பத்தி, பொத்தான், அட்டவணை போன்ற ஓர் உறுப்பு குறிப்பிட்ட நேரத்தில் பயனரின் திரையில் தெரிகிறதா என்பதை நிரல் மூலம் கண்டறியும் செயலாகும். படங்களைத் தேவைப்படும்போது மட்டும் பதிவிறக்குதல், நிகழ்படங்களை உரிய நேரத்தில் இயக்குதல், விளம்பரங்கள் திரையில் தோன்றினவா எனக் கணக்கிடுதல் ஆகியவற்றுக்கு இது அடிப்படையாக விளங்குகிறது.

"தெரிகிறதா" என்பது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் உண்மையில் அது பல கேள்விகளின் தொகுப்பாகும். அவற்றுள் ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கும் உரியதாகக் கொள்வதாலேயே இத்துறையில் பல பிழைகள் ஏற்படுகின்றன. அப்பிழைகளின் சுமையைப் பெரும்பாலும் சுமப்பவர் நிரலாளர் அல்லர். மெதுவான இணைப்பு உடையவரும், திரையைப் பார்க்க இயலாதவரும் ஆவர்.

எடுத்துக்காட்டுப் பக்கம்

இக்கட்டுரையில் கொல்லி மலையைப் பற்றிய ஒரு நீண்ட வலைப்பக்கம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. கொல்லி மலை தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாக அமைந்துள்ளது. அடிவாரத்தில் உள்ள காரவள்ளியில் இருந்து மலைக்குச் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட நிலப்பகுதி இது. அறப்பளீசுவரர் கோயில், அதன் அருகே உள்ள ஆகாய கங்கை அருவி, சாமை, தினை முதலிய சிறுதானியங்களின் சாகுபடி ஆகியவற்றாலும் இம்மலை அறியப்படுகிறது.

இச்செய்திகள் அனைத்தும் 12 படங்களுடன் ஒரே பக்கத்தில் தரப்பட்டுள்ளதாகக் கொள்வோம். பக்கத்தின் மொத்த உயரம் 9,600 பிக்சல்கள். பிக்சல் என்பது திரையில் அளக்கப்படும் மிகச் சிறிய புள்ளியாகும். பயனரின் கைப்பேசித் திரையோ 360 பிக்சல் அகலமும் 640 பிக்சல் உயரமும் மட்டுமே கொண்டது. எனவே எந்த நேரத்திலும் பக்கத்தின் பதினைந்தில் ஒரு பங்கே கண்ணுக்குத் தெரியும். இவ்வாறு தெரியும் பகுதி காட்சிச்சாளரம் எனப்படுகிறது.

நான்கு கேள்விகள்

ஓர் உறுப்பின் புலப்பாடு பின்வரும் நான்கு கேள்விகளைப் பொறுத்தது.

1. வரையப்பட்டுள்ளதா? உறுப்பு ஆவணத்தில் இருந்தாலும், உலாவி அதைத் திரையில் வரையாதவாறு நடைதாள் விதிகள் தடுத்திருக்கலாம்.
2. காட்சிச்சாளரத்துக்குள் உள்ளதா? வரையப்பட்ட உறுப்பு, பயனர் இன்னும் உருட்டி வராத பகுதியில் இருக்கலாம்.
3. மறைக்கப்படாமல் உள்ளதா? சாளரத்துக்குள் இருந்தாலும் வேறோர் உறுப்பு அதன் மேல் படிந்திருக்கலாம்.
4. பக்கமே முன்னணியில் உள்ளதா? பயனர் வேறொரு கீற்றுக்கு மாறியிருக்கலாம், உலாவியைச் சிறிதாக்கியிருக்கலாம், கைப்பேசியின் திரையை அணைத்திருக்கலாம்.

ஆகாய கங்கை அருவி செம்மேட்டில் நிற்பவரின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அருவி இல்லை என்பது அதன் பொருளன்று. கோயிலின் அருகில் இருந்து படிகளில் இறங்கிச் சென்றாலும் மூடுபனி சூழ்ந்திருந்தால் அது தெரியாமற்போகலாம். இவை வேறுவேறு காரணங்கள். வலைப்பக்கத்திலும் "தெரியவில்லை" என்ற ஒரே விளைவுக்குக் காரணங்கள் பலவாதலால், ஒவ்வொன்றையும் அறிய வெவ்வேறு முறை தேவைப்படுகிறது.

வடிவியல் அடிப்படை

இரண்டாம் கேள்விக்கான விடை எளிய வடிவியலால் பெறப்படுகிறது. உலாவி ஒவ்வோர் உறுப்பையும் ஒரு செவ்வகமாகக் கருதுகிறது. காட்சிச்சாளரமும் ஒரு செவ்வகமே. இரு செவ்வகங்களும் ஒன்றையொன்று வெட்டினால் உறுப்பின் ஒரு பகுதியாவது சாளரத்துக்குள் உள்ளது.

எடுத்துக்காட்டுப் பக்கத்தில் ஆகாய கங்கையின் படம் பக்கத்தின் மேல் விளிம்பில் இருந்து 7,200 பிக்சல் தொலைவில் தொடங்குகிறது என்றும், அதன் உயரம் 240 பிக்சல் என்றும் கொள்வோம். பயனர் எவ்வளவு உருட்டியுள்ளார் என்பதைப் படத்தின் தொலைவில் இருந்து கழித்தால், சாளரத்தின் மேல் விளிம்பைப் பொறுத்து அதன் இடம் கிடைக்கும்.

- உருட்டல் 0: படத்தின் மேல் விளிம்பு 7,200இல் உள்ளது. இது 640ஐ விட அதிகம், படம் தெரியாது.
- உருட்டல் 6,600: மேல் விளிம்பு 600இல் உள்ளது. 40 பிக்சல் உயரம் மட்டும் தெரியும். இது படத்தில் ஏறத்தாழ 17 விழுக்காடு.
- உருட்டல் 6,700: மேல் விளிம்பு 500இல் உள்ளது. 140 பிக்சல் தெரியும். ஏறத்தாழ 58 விழுக்காடு.
- உருட்டல் 7,500: மேல் விளிம்பு சாளரத்துக்கு 300 பிக்சல் மேலேயும், கீழ் விளிம்பு 60 பிக்சல் மேலேயும் சென்றுவிட்டன. படம் கடந்துபோய்விட்டது.

கிடைமட்டத் திசைக்கும் இதே கணக்கு பொருந்தும். மேல் விளிம்பை மட்டும் சோதித்து முடிவு செய்வது பரவலாகக் காணப்படும் பிழையாகும். அவ்வாறு செய்தால் சாளரத்தை விட உயரமான ஓர் உறுப்பு திரை முழுவதையும் நிரப்பியிருக்கும்போதும், அதன் மேல் விளிம்பு சாளரத்துக்கு வெளியே இருப்பதால் "தெரியவில்லை" எனத் தவறான விடை வரும்.

வரலாறு

தொடக்கக் காலத்தில் நிரலாளர்கள் ஓர் உறுப்பின் இடத்தை அறிய, அதன் தாய் உறுப்பில் இருந்து தொடங்கி ஆவணத்தின் வேர் வரை ஒவ்வொரு நிலையிலும் உள்ள தொலைவைக் கூட்டி வந்தனர். எல்லைக்கோடுகளையும் உருளும் பெட்டிகளையும் உலாவிகள் வெவ்வேறு வகையில் கணக்கிட்டதால் விடைகளும் வேறுபட்டன.

இந்நிலையை மாற்றியது "கெட் பவுண்டிங் கிளையண்ட் ரெக்ட்" என்னும் செயற்கூறு ஆகும். காட்சிச்சாளரத்தைப் பொறுத்து உறுப்பின் செவ்வகத்தை இது ஒரே அழைப்பில் தருகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் முதலில் இடம்பெற்ற இது, 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 3 பதிப்பிலும் சேர்க்கப்பட்டது. பின்னர் எல்லா முதன்மை உலாவிகளிலும் இது நிலைபெற்றது.

இடத்தை அறிவது எளிதான பின்பும், அதை எப்போது அறிவது என்ற சிக்கல் எஞ்சியது. பயனர் உருட்டும்போதெல்லாம் உலாவி ஓர் உருட்டல் நிகழ்வை எழுப்புகிறது. ஒரு நொடிக்குள் பல முறை எழும் இந்நிகழ்வு ஒவ்வொன்றின்போதும் எல்லா உறுப்புகளையும் சோதித்தால் பக்கம் தடுமாறத் தொடங்கும். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுமாயின், ஒவ்வொரு முறைக்கும் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி மட்டுமே. மேலும், பக்கத்தில் மாற்றம் செய்த உடனே இடத்தைக் கேட்டால், உலாவி பக்க அமைப்பை அப்போதே மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும்.

2011 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் டுவிட்டர் தளத்தில் உருட்டல் மிக மெதுவானது. உருட்டல் நிகழ்வோடு நேரடியாகப் பிணைக்கப்பட்ட நிரலே காரணம் என்பதை ஜேகுவரி நிரலகத்தை உருவாக்கிய ஜான் ரெசிக் விளக்கினார். நிகழ்வின்போது உருட்டல் நடந்ததை மட்டும் குறித்துக்கொண்டு, சோதனையை 250 மில்லிநொடிக்கு ஒரு முறை செய்யலாம் என்பது அவர் தந்த தீர்வாகும்.

உலாவியே இப்பணியை ஏற்கும் முறை 2016 ஆம் ஆண்டில் குரோம் 51 பதிப்பில் அறிமுகமானது. "இன்டர்செக்சன் அப்சர்வர்" என்று பெயரிடப்பட்ட இதனைத் தமிழில் வெட்டுப்பரப்பு நோக்கி எனலாம். 2017 ஆம் ஆண்டில் எட்ஜ், ஃபயர்பாக்ஸ் ஆகிய உலாவிகளிலும், 2019 ஆம் ஆண்டில் சஃபாரியிலும் இது சேர்க்கப்பட்டது.

வெட்டுப்பரப்பு நோக்கி செயற்படும் விதம்

பழைய முறையில் நிரல் உலாவியிடம் திரும்பத் திரும்பக் கேட்டது. புதிய முறையில் நிரல் ஒரு முறை பதிவு செய்துகொள்கிறது. நிலை மாறும்போது உலாவி தகவல் தருகிறது. பதிவு செய்யும்போது மூன்று செய்திகளைக் குறிப்பிடலாம்.

- வேர்: எந்தச் செவ்வகத்தைப் பொறுத்துச் சோதிக்க வேண்டும் என்பது. குறிப்பிடாவிடில் காட்சிச்சாளரம் எடுத்துக்கொள்ளப்படும்.
- வேர் ஓரம்: அச்செவ்வகத்தைச் சுற்றிலும் எவ்வளவு விரிக்க அல்லது சுருக்க வேண்டும் என்பது.
- வரம்பளவு: உறுப்பின் எத்தனை பங்கு வெட்டும்போது தகவல் தர வேண்டும் என்பது. 0.5 என்றால் பாதி.

எடுத்துக்காட்டுப் பக்கத்தில் வேர் ஓரத்தைக் கீழ்ப்பக்கம் 600 பிக்சல் எனக் கொடுத்தால், உருட்டல் 5,960ஐக் கடக்கும்போதே தகவல் வரும். படம் திரையில் தோன்றத் தொடங்குவது 6,560இல் ஆகும். இடைப்பட்ட 600 பிக்சல் தொலைவைப் பயனர் கடப்பதற்குள் படம் வந்து சேர வேண்டும்.

இங்கு இணைப்பின் வேகம் முதன்மை பெறுகிறது. நொடிக்கு 100 கிலோபிட் வேகத்தில் 150 கிலோபைட் அளவுள்ள ஒரு படம் வந்து சேர 12 நொடி ஆகும். பயனர் 600 பிக்சலை 5 நொடியில் கடந்தால் அவருக்கு வெற்றுப் பெட்டியே தெரியும். எனவே இணைப்பு மெதுவாக உள்ளவருக்கு ஓரம் சிறிதாக அன்றி, பெரிதாக இருக்க வேண்டும். குரோம் உலாவி 2020 ஆம் ஆண்டில் தன் உள்ளமைந்த முறைக்கு நான்காம் தலைமுறை இணைப்பில் 1,250 பிக்சலையும், அதை விட மெதுவான இணைப்பில் 2,500 பிக்சலையும் முன்தொலைவாக வகுத்தது இக்காரணம் பற்றியே.

மறைக்கப்பட்ட உறுப்புகள்

முதலாம் கேள்விக்கு விடை காண நடைதாள் விதிகளை ஆராய வேண்டும். ஓர் உறுப்பை மறைக்கும் வழிகள் பல. அவற்றின் விளைவுகள் ஒன்றல்ல.

- "டிஸ்பிளே" பண்பை "நன்" என அமைத்தால் உறுப்புக்குத் திரையில் இடமே ஒதுக்கப்படாது. அதன் அகலமும் உயரமும் 0 ஆகும்.
- "விசிபிலிட்டி" பண்பை "ஹிடன்" என அமைத்தால் உறுப்பு தெரியாது. ஆனால் அதற்குரிய இடம் காலியாக நிற்கும்.
- "ஒபாசிட்டி" பண்பை 0 என அமைத்தால் உறுப்பு முற்றிலும் ஒளி ஊடுருவுவதாகும். கண்ணுக்குத் தெரியாத அந்த உறுப்பைச் சொடுக்க முடியும்.

ஜேகுவரி நிரலகத்தின் "விசிபிள்" தெரிவி, இடம் பிடித்துள்ள உறுப்புகளைத் தெரிபவையாகவே கொள்கிறது. எனவே மேற்கூறியவற்றுள் பின்னிரண்டு வகை உறுப்புகளையும் அது "தெரிகிறது" என்றே கூறும். வெட்டுப்பரப்பு நோக்கியும் இவ்வாறே வடிவியலை மட்டும் கருதுகிறது. 2022 ஆம் ஆண்டில் குரோம் 105 பதிப்பில் அறிமுகமான "செக் விசிபிலிட்டி" என்னும் செயற்கூறு, இம்மூன்று பண்புகளையும் ஒரே அழைப்பில் சோதிக்க உதவுகிறது. எனினும் உறுப்பு சாளரத்துக்குள் உள்ளதா என்பதை அது சோதிப்பதில்லை.

மூன்றாம் கேள்விக்கு, திரையின் ஒரு புள்ளியில் மேலாக உள்ள உறுப்பு எது எனக் கூறும் "எலிமெண்ட் ஃபிரம் பாயிண்ட்" பயன்படுகிறது. உறுப்பின் நடுப்புள்ளியையும் நான்கு மூலைகளையும் சோதித்தால் ஓரளவு நம்பகமான விடை கிடைக்கும். 2019 ஆம் ஆண்டில் குரோம் 74 பதிப்பில் வந்த வெட்டுப்பரப்பு நோக்கியின் இரண்டாம் வடிவம், உறுப்பை வேறொன்று மறைத்துள்ளதா என்பதையும் தெரிவிக்கிறது. ஐயம் எழும் இடங்களில் "தெரியவில்லை" என்றே அது கூறும். உண்மையான பொத்தான் மீது வேறொன்றைப் படியவைத்துப் பயனரைச் சொடுக்கச் செய்யும் ஏமாற்றைத் தடுப்பதே இதன் முதன்மை நோக்கமாதலால், தவறாகத் "தெரிகிறது" எனக் கூறுவதே கூடுதல் தீங்காகும்.

நான்காம் கேள்விக்கு உரியது பக்கப் புலப்பாட்டு இடைமுகம் ஆகும். இது 2013 ஆம் ஆண்டில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளியிடப்பட்டது.

தமிழ்ப் பக்கங்களில் எழுத்துரு மாற்றம்

உறுப்பின் இடத்தை ஒரு முறை அளந்து சேமித்து வைக்கும் நிரல்கள், பக்க அமைப்பு பின்னர் மாறினால் பிழைபடும். தமிழ்ப் பக்கங்களில் இதற்கு ஒரு சிறப்புக் காரணமும் உண்டு. பக்கம் முதலில் கருவியில் உள்ள தமிழ் எழுத்துருவில் வரையப்பட்டு, இணையத்தில் இருந்து வரும் எழுத்துரு சேர்ந்தபின் மறுபடி வரையப்படலாம். மேலும் கீழும் செல்லும் குறிகள் உள்ளமையால் தமிழ் எழுத்துருக்களின் வரி உயரம் ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது.

எடுத்துக்காட்டுப் பக்கத்தில் அருவியின் படத்துக்கு மேலே 200 வரிகள் உள்ளன என்றும், எழுத்துரு மாறியதும் வரி உயரம் 24 பிக்சலில் இருந்து 27 பிக்சலாகிறது என்றும் கொள்வோம். படம் 600 பிக்சல் கீழே தள்ளப்பட்டு 7,800இல் நிற்கும். 7,200 என்று சேமித்து வைத்துள்ள நிரல், படம் தெரியாதபோது தெரிவதாகக் கூறும். அளவு குறிப்பிடப்படாத படங்கள் வந்து சேரும்போதும் இதே இடப்பெயர்ச்சி நிகழ்கிறது. படங்களின் அகலத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே குறிப்பிடுதல், வரி உயரத்தை நடைதாளில் நிலையாக வகுத்தல், இடத்தைச் சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெறுதல் ஆகியன இதற்குரிய தீர்வுகள்.

பயன்கள்

தேவைப்படும்போது பதிவிறக்குதல்: எடுத்துக்காட்டுப் பக்கத்தின் 12 படங்களும் தலைக்கு 150 கிலோபைட் எனின் மொத்தம் 1,800 கிலோபைட் ஆகும். முதற்பகுதியை மட்டும் படித்து 2 படங்களைப் பார்த்த பயனருக்கு 1,500 கிலோபைட் மிச்சமாகிறது. நொடிக்கு 100 கிலோபிட் வேகத்தில் இது 2 நிமிட நேரமாகும். மேடுகளும் பள்ளத்தாக்குகளும் கம்பியில்லா அலைகளை மறிக்கும் மலைப்பகுதிகளில் இம்மிச்சம் சிறியதன்று. விக்கிப்பீடியாவின் கைப்பேசித் தளத்தில் 2016 ஆம் ஆண்டில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. நிரல் எழுதாமல் படத்தின் குறிச்சொல்லிலேயே இதைக் கேட்கும் "லோடிங்" பண்பு 2019 ஆம் ஆண்டில் குரோம் உலாவியிலும், 2020 ஆம் ஆண்டில் ஃபயர்பாக்ஸ் 75 பதிப்பிலும், 2022 ஆம் ஆண்டில் சஃபாரி 15.4 பதிப்பிலும் இடம்பெற்றது.

விளம்பரக் கணக்கு: அமெரிக்காவின் ஊடக மதிப்பீட்டு மன்றம் 2014 ஆம் ஆண்டில் வகுத்த நெறியின்படி, ஒரு பட விளம்பரத்தின் 50 விழுக்காட்டுப் பரப்பு தொடர்ந்து 1 நொடி திரையில் இருந்தால் அது காணத்தக்கதாக எண்ணப்படும். நிகழ்பட விளம்பரத்துக்கு 2 நொடி தேவை.

வரம்புகள்

புலப்பாடு படித்தல் ஆகாது. திரையில் உறுப்பு இருந்தது என்பதை மட்டுமே நிரல் அறியும். பயனர் அதைப் பார்த்தாரா, பொருள் கொண்டாரா என்பதை அறியாது. விளம்பர நெறி "கண்டார்" என்னாமல் "காணத்தக்கது" என்றே குறிப்பிடுவது இங்கு நோக்கத்தக்கது. ஒப்பந்த விதிகளின் கடைசி வரி வரை உருட்டியவரை, அவற்றைப் படித்து ஒப்புக்கொண்டவராகக் கருதும் தளங்கள் இவ்வேறுபாட்டைப் புறக்கணிக்கின்றன.

திரையில் தெரியாதது தேவையற்றதும் ஆகாது. பார்வையற்றோர் திரைபடிப்பான் மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். 2006 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருளான என்.வி.டி.ஏ. இதற்கு எடுத்துக்காட்டு. கண்ணுக்குத் தெரியாதவாறு ஓரத்தில் வைக்கப்பட்ட விளக்க உரையைத் திரைபடிப்பான் படிக்கும். "டிஸ்பிளே நன்" என மறைக்கப்பட்டதைப் படிக்காது. உருட்டினால் மட்டுமே உள்ளடக்கத்தைச் சேர்க்கும் பக்கத்தில், தலைப்புகளின் பட்டியலைக் கேட்டு அங்குச் செல்ல விரும்பும் பயனருக்கு இன்னும் சேர்க்கப்படாத தலைப்புகள் இல்லாதவையே.

அச்சிடலிலும் இச்சிக்கல் உண்டு. உருட்டலை மட்டும் நம்பும் நிரல் உள்ள பக்கத்தை, மாணவர் ஒருவர் திறந்த உடனே அச்சிட்டால் அவர் பார்க்காத படங்களின் இடத்தில் வெற்றுப் பெட்டிகளே அச்சாகும். பக்கத்தைக் கணினியில் சேமித்துப் பின்னர் இணைப்பில்லாத இடத்தில் படிப்பவருக்கும் இதே நிலை ஏற்படும்.

தனியுரிமையும் கருதத்தக்கது. படங்கள் ஒவ்வொன்றாகக் கோரப்படும்போது, பயனர் பக்கத்தில் எதுவரை சென்றார் என்பதை வழங்கி அறிந்துகொள்ள முடியும். இதனால், பயனர் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை முடக்கியிருக்கும்போது "லோடிங்" பண்பும் செயற்படாதவாறு உலாவிகள் அமைக்கப்பட்டுள்ளன. அந்நிலையில் எல்லாப் படங்களும் வழக்கம்போல் பதிவிறக்கப்படும்.

நடைமுறை நெறிகள்

- நான்கு கேள்விகளுள் எதற்கு விடை வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்குரிய முறையை மட்டும் பயன்படுத்துதல்.
- படங்களுக்கு நிரலைத் தவிர்த்து "லோடிங்" பண்பையே பயன்படுத்துதல்.
- பக்கத்தின் தொடக்கத்தில் உடனே தெரியும் படங்களைக் காத்திருக்க வைக்காமல் பதிவிறக்குதல்.
- எழுத்து வடிவிலான உள்ளடக்கத்தை முழுமையாக முதலிலேயே தருதல். படங்களோடு ஒப்பிட அதன் அளவு சிறியது. ஆனால் திரைபடிப்பானுக்கும் தேடலுக்கும் அதுவே தேவைப்படுகிறது.
- நிரல் இயங்காதபோதும் பக்கம் படிக்கத்தக்கதாக இருப்பதை உறுதி செய்தல்.
- மெதுவான இணைப்பிலும், சிறிய திரையிலும், அச்சிலும், திரைபடிப்பானிலும் பக்கத்தைச் சோதித்தல்.

இவற்றையும் பார்க்கவும்

- உலாவி
- ஜாவாஸ்கிரிப்ட்
- நடைதாள்
- திரைபடிப்பான்
- தமிழ் எழுத்துருக்கள்
- கொல்லி மலை